பட்சிக் கணக்கும் பொதுஜனக் கடமையும்

ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரண்டு மாதங்களையும் நமது முன்னோர் கூதிர்காலம் என்று வகுத்தனர். வடகிழக்குப் பருவமழை தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகளில் நீரை நிரப்பும் காலம் அது. அக்காலத்திலேயே சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து, ஊசிவால் வாத்துகளும், தட்டைவாயன்களும், பலவகை உள்ளான்களும் நமது நீர்நிலைகளில் வந்திறங்குகின்றன. இவற்றை எண்ணி எழுதி வைப்பதற்காக, கூலி பெறாமலும், ஒருவருடைய உத்தரவையும் எதிர்பாராமலும், விடியற்காலையில் ஏரிக்கரைகளில் போய் நிற்கும் தொண்டர் கூட்டம் ஒன்று நம்மிடையே இருக்கின்றது. அவர்களுடைய வேலையைப் பொதுஜனங்கள் சரிவர உணரவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

‘தேசத்தில் எத்தனையோ கஷ்டங்கள் இருக்க, கொக்கையும் நாரையையும் எண்ணிக்கொண்டிருப்பதா?’ என்று நமது அன்பர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கணக்கில் ஏறாத சொத்து களவு போனால், போனதென்று ருசுப்படுத்துவது எங்ஙனம்? நியாயஸ்தலத்தில் நிற்பவனுக்குக் கண்ணீரைவிடக் கணக்குப் புத்தகமே உற்ற துணை. ஏரிகளின் விஷயத்திலும் இதுவே உண்மை.

இவ்வழக்கம் உண்டான சரித்திரத்தைச் சுருங்கக் கூறுவோம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தினத்தில் துப்பாக்கியுடன் கிளம்பி, எவர் அதிகப் பட்சிகளைச் சுட்டு வீழ்த்துவது என்று போட்டியிடும் வழக்கம் இருந்தது. 1900-ம் வருஷத்தில் பிராங்க் சாப்மன் என்னும் பட்சி சாஸ்திரி, ‘சுடவேண்டாம், எண்ணுவோம்’ என்று பிரசாரம் செய்தார். அவ்வருஷம் 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். அவ்விதை இன்று பல தேசங்களில் விருக்ஷமாகியிருக்கின்றது. நமது நாட்டில் 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கு நடந்து வருகின்றது. தமிழ்நாட்டுப் பறவை அன்பர்கள் 2015 முதல் பொங்கல் நாட்களில் பட்சிகளை எண்ணி வருகின்றனர். சென்னையில் 1978-ல் தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இத்துறையில் இளைஞர் பலரைப் பழக்கியிருக்கின்றது. 1937-ல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியின் புதர்க்காடு அநேகருக்கு முதற் பாடசாலையாயிற்று. அக்கல்லூரியில் புள்ளிவிவர சாஸ்திரப் பேராசிரியராயிருந்து 1988-ல் காலஞ்சென்ற கிப்ட் சிரோமணி, கோலங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்ததோடு, தாம்பரம் வட்டாரப் பட்சிகளைப் பற்றியும் எழுதி வைத்தார். எண்ணத் தெரிந்தவர் எதை எண்ணினாலும் தேசத்துக்கு லாபமே.

எண்ணும் முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. குறித்த இடத்தில், குறித்த நேரத்தில், குறைந்தது கால்மணி நேரமாவது நின்று, கண்ட இனம் அனைத்தையும் தொகையுடன் எழுதவேண்டும். பெருங்கூட்டமாயின், முதலில் பத்தைச் சரியாக எண்ணி, அப்பத்து கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கின்றது என்று மனத்திற் கொண்டு, பத்துப் பத்தாக, பின்னர் நூறு நூறாக அளந்து செல்லவேண்டும். ஐயமுள்ள பட்சியைத் தெரிந்ததாக எழுதலாகாது. மறுவருஷமும் அதே இடத்தில், அதே முறையில் எண்ணவேண்டும். சென்ற வருஷம் வந்த பட்சி இவ்வருஷம் வராவிடில், அந்தப் பூஜ்யமே முக்கியமான செய்தி. எழுதிய ஜாபிதாவை ஈபேர்ட் என்னும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், அது எவரும் பார்க்கக்கூடிய சாசனமாகி விடுகின்றது.

இச்சாசனம் நமக்கு எதைக் கூறும்? ஏரியில் சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை நீரை மூடினால், திறந்த நீரை நாடும் வாத்துகள் விலகிவிடும். ஏரியை அழகுபடுத்துவதாகக் கூறி, கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்து நடைபாதை போட்டால், ஆழமற்ற சேற்றில் இரைதேடும் உள்ளான்களுக்கு நிற்க இடமிராது. நத்தைகுத்தி நாரை குறைந்தால், அதன் இரையாகிய நத்தை என்னவாயிற்று என்று விசாரிக்க நேரும். நீரின் நோயைக் கண்ணுக்குத் தெரிவிக்கும் நாடி போன்றது பட்சிக் கணக்கு.

பள்ளிக்கரணையின் கதையை நமது வாசகர்கள் அறிவார்கள். 1960-களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி அது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழைநீரும், பல ஏரிகளின் உபரி நீரும் அங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்லும். அதனை உபயோகமற்ற நிலமென்று கருதியதால், நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டது, சாலைகள் அதை ஊடறுத்தன, கட்டிடங்கள் எழும்பின. பெரும்பகுதி போயிற்று. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக்கப்பட்டது. 2022-ல் சுமார் 1,247 ஹெக்டேர் ராம்சார் தலமாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. இடைப்பட்ட காலமெல்லாம், ‘இது தரிசல்ல; பூநாரையும் கூழைக்கடாவும் நீலத்தாழைக்கோழியும் வாழும் நிலம்’ என்று தேதியும் தொகையும் காட்டிச் சாட்சி சொல்ல முடிந்தது, எண்ணியவர்கள் இருந்தமையால் அன்றோ? வழக்கு முடிந்துவிடவுமில்லை. ராம்சார் தலத்தின் எல்லை நிலத்தில் சரிபார்க்கப்படும் வரையில், அதற்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் கட்டிட அனுமதி வழங்கலாகாதென்று 2025-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட நேர்ந்தது. எல்லையைப் பற்றி வாதம் நடக்குமிடத்தில் ஒவ்வொரு வருஷத்துக் கணக்கும் ஓர் எல்லைக்கல்லாகும்.

மனிதர் கஷ்டத்தை முன்னிறுத்தும் அன்பர்களுக்கு 2015-ம் வருஷத்து டிசம்பரை நினைவூட்டுவோம். அம்மாதம் முதல் தேதியன்று தொடங்கிய ஒரே நாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வேளச்சேரிப் பக்கத்துத் தாழ்ந்த நிலங்களும் மூழ்கின. பட்சிகளை எண்ணியிருந்தால் வெள்ளம் நின்றிருக்குமென்று நாம் கூறவில்லை. பட்சி இறங்க இடமுள்ள இடத்தில் வெள்ளம் தங்கவும் இடமுண்டு; ஒன்றின் இடத்தைப் பறித்தவன் மற்றொன்றின் இடத்தையும் பறித்தவனாகின்றான் என்பதே நாம் கூறுவது. சேற்றில் நின்றவர்கள் ஏழைகளே என்பதை மறக்கலாகாது.

இவ்விஷயத்தில் நமது ஜில்லா ஜனங்கள் எவரிடமும் பாடம் கேட்கவேண்டியதில்லை. பட்சிகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை வேடந்தாங்கல் குடியானவர்கள் கண்டறிந்திருந்தனர். வெள்ளைக்காரர்கள் அப்பட்சிகளைச் சுட்டபோது, அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் தங்கள் உரிமைக்கு ஏட்டு ஆதாரம் பெற்றார்கள். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. கும்பினி ஆட்சியிலேயே பாமர ஜனங்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. 2020-ல் அச்சரணாலயத்தின் எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை எழுந்தபோது, பொதுஜன எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மரபின் தொடர்ச்சியே.

தனித்தனி மனிதர் எழுதிய சிறு ஜாபிதாக்கள் ஒன்று சேர்ந்தால் எத்தகைய பலம் பெறும் என்பதற்கு 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை அத்தாட்சி. 30,000-க்கு மேற்பட்டோர் கொடுத்த கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு 942 இனங்களை அது பரிசீலித்தது. நீண்டகாலப் போக்கை நிர்ணயிக்கக்கூடியதாயிருந்த 338 இனங்களில் 204 குறைந்திருப்பதாகவும், 36 மட்டுமே பெருகியிருப்பதாகவும் தெரியவந்தது. இந்த எச்சரிக்கையைத் தேசத்துக்குக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பிரஜைகள்.

இனிச் செய்யவேண்டியது யாது? நம்மவரின் பெருங்கணக்குகள் ஜனவரியில் நடைபெறுகின்றன. அது விருந்தாளிகள் நிறைந்திருக்கும் மாதம். ஆனால் மழை தொடங்கியதும் எந்த ஏரியில் நீர் ஏறிற்று, எந்த ஏரியை வந்த பட்சி கண்டு விலகிப் போயிற்று என்பதைத் தை மாதத்துக் கணக்கு மட்டும் சொல்லாது. அக்டோபரில் உலகெங்கும் ஒரு நாள் பட்சிகளை எண்ணும் வழக்கம் 2018 முதல் நடைபெறுகின்றது. அதையொட்டி, கூதிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர், பெரும்பாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம் முதலிய ஒவ்வோர் ஏரியிலும் அவ்வூராரே எண்ணவேண்டுமென்று நாம் யோசனை கூறுகின்றோம். நன்மங்கலம் காட்டையும் விட்டுவிடலாகாது. பள்ளிக்கூடங்கள் மாணவரை அனுப்பட்டும். வாலிபர் சங்கங்கள் ஆளுக்கோர் ஏரியை ஏற்கட்டும். 2021-ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சி அக்கணக்கைப் பெற்றுத் தனது தஸ்தாவேஜுகளில் சேர்த்து, எந்த ஏரியில் வேலை தொடங்குமுன்னும் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பென்சிலும், பத்துப் பேருக்கு ஒரு தூரதரிசினிக் கண்ணாடியும், பொய் எழுதாத மனமும் போதும். சுயராஜ்யமென்பது ஓட்டுப் போடுவதோடு முடிவதன்று. தன் ஊரின் நிலத்தையும் நீரையும் தானே அறிந்து, தானே கணக்கு வைத்து, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் அதன் பகுதியே. வருகின்ற ஐப்பசியில் நமது தொண்டர்கள் தத்தம் ஏரிக்கரையில் நிற்பார்களாக.