நாற்கால் பிராணிகளின் முன்னங்கால் மூட்டுகள்

வண்டியிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட காளை தரையில் படுக்கும்போது முதலில் முன்னங்கால்களை மடக்கி மண்டியிடுகிறது. பிறகே பின்னுடலைத் தாழ்த்துகிறது. எழும்போது இம்முறை தலைகீழாகிறது. பின்னுடல் முதலில் உயர்கிறது. அச்சமயம் முன்னங்கால்கள் மண்டியிட்ட நிலையிலேயே இருந்து பாரத்தைத் தாங்குகின்றன. இவ்வாறு தரையில் ஊன்றும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்றே அழைக்கின்றனர். ஆனால், உடற்கூற்றியலின்படி அது முழங்கால் அன்று. மனிதனுடைய மணிக்கட்டுக்கு ஒப்பான மூட்டு ஆகும்.

இது வெறும் பெயர் வேறுபாடு என்று ஒதுக்கத்தக்கதன்று. ஒரு மூட்டு எந்த வேலைக்கு அமைந்தது, எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை அறிந்தவரே பிராணிக்கு நொண்டல் ஏற்படும்போது அதன் காரணத்தைச் சரியான இடத்தில் தேட முடியும். 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 19.2 கோடி மாடுகளும், ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன. உழவுக் காலத்தில் ஒரு காளை நொண்டினால் ஒரு குடும்பத்தின் பருவ வேலையே தடைப்படக்கூடும். ஆகவே, முன்னங்காலின் அமைப்பைத் தெரிந்துகொள்வது கால்நடை வளர்ப்போருக்குப் பெரிதும் பயனுடையதாகும்.

மனிதனின் கையும் மாட்டின் காலும்

மனிதன் ஒருவன் இரு கைகளையும் தரையில் ஊன்றி, விரல் நுனிகள் மட்டும் நிலத்தில் படுமாறு உள்ளங்கையை உயர்த்தி நிற்பதாகக் கொள்வோம். அவனுடைய கை அப்போது ஏறக்குறைய மாட்டின் முன்னங்கால் அமைந்துள்ள விதத்தில் இருக்கும். மேலிருந்து கீழாகத் தோள்பட்டை எலும்பு, புய எலும்பு, ரேடியஸ், அல்னா என்னும் முன்கை எலும்புகள் இரண்டு, மணிக்கட்டின் சிறு எலும்புகள், உள்ளங்கை எலும்புகள், விரல் எலும்புகள் என்ற வரிசை இரண்டிலும் ஒன்றே.

மாட்டின் புய எலும்பு உடலின் தோலுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அது வெளியே தனி உறுப்பாகத் தெரிவதில்லை. முழங்கை, மார்புக் கூட்டின் அடிப்பகுதியை ஒட்டி அமைந்திருக்கிறது. எனவே, வெளிப்பார்வைக்குக் காலாகத் தோன்றும் பகுதி முன்கையிலிருந்தே தொடங்குகிறது. அதன் நடுவில் காணப்படும் பெரிய மூட்டு மணிக்கட்டாகும். மனிதனின் முழங்காலைப்போல இம்மூட்டும் மடங்கும்போது கீழ்ப்பகுதி பின்னோக்கிச் செல்வதால்தான் இதற்கு முழங்கால் என்னும் பெயர் ஏற்பட்டது. மாட்டின் உண்மையான முழங்கால் பின்னங்காலின் மேற்பகுதியில், வயிற்றின் விலாப்புறத் தோல் வந்து சேரும் இடத்தருகே இருக்கிறது.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. 1849இல் ஆங்கில உடற்கூற்றறிஞர் ரிச்சர்டு ஓவன், முதுகெலும்புள்ள பிராணிகளின் கைகால்கள் யாவும் ஒரே அடிப்படைத் திட்டத்தில் அமைந்திருப்பதை விரிவாக எடுத்துக்காட்டினார். பொது மூதாதையரிடமிருந்து தோன்றியதே இவ்வொற்றுமைக்குக் காரணம் என்று 1859இல் டார்வின் விளக்கினார். கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 2004இல் கண்டெடுக்கப்பட்ட டிக்டாலிக் என்னும் மீனின் புதைபடிவம் இதற்கு மேலும் வலுவூட்டியது. சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அம்மீனின் துடுப்புக்குள்ளேயே தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் தொடக்க அமைப்புகள் காணப்பட்டன.

எலும்புப் பிணைப்பு இல்லாத தோள்

பின்னங்கால் இடுப்பெலும்பின் மூலம் முதுகெலும்புடன் உறுதியாகப் பிணைக்கப்பட்டுள்ளது. முன்னங்காலோ அவ்வாறன்று. மனிதனுக்குத் தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பு உண்டு. மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றுக்கு அது இல்லை. பூனைக்கு அது மிகச் சிறியதாகத் தசைகளுக்கிடையே புதைந்து கிடக்கிறது. ஆகவே, மாட்டின் முன்னங்கால் எந்த எலும்பினாலும் உடலோடு இணைக்கப்படவில்லை. தசைகளே அதனைப் பிணைத்துள்ளன. இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் இடையே மார்புக்கூடு ஒரு தூளியில் தொங்குவதைப்போலத் தொங்குகிறது.

நிற்கும் குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்கள் மீதே விழுகிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் முதலில் அதிர்ச்சியை ஏற்பவையும் பெரும்பாலும் அவையே. எலும்போடு எலும்பு மோதாமல், தசைத் தூளி அவ்வதிர்ச்சியைத் தாங்கித் தணித்துவிடுகிறது. இந்திய மாடுகளின் சிறப்பு அடையாளமாகிய திமிலுக்கும் இவ்வமைப்புடன் தொடர்பு உண்டு. தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பை உடலோடு பிணைக்கும் தசைகளுள் ஒன்று மிகுதியாக வளர்ந்து, கொழுப்புடன் சேர்ந்து திமிலாக உயர்ந்து நிற்கிறது.

தோள் மூட்டு, பந்தும் கிண்ணமும் பொருந்தியது போன்ற வடிவுடையது. மனிதனின் தோள் எல்லாத் திசைகளிலும் சுழல்வதற்கு இவ்வடிவமே காரணம். மாட்டிலும் குதிரையிலும் வடிவம் அதுவே எனினும், அசைவு பெரும்பாலும் முன்னும் பின்னுமாகவே நடைபெறுகிறது. மற்ற மூட்டுகளின் இரு பக்கங்களிலும் காணப்படும் உறுதியான இணைப்பு நார்கள் தோளில் இல்லை. வெளிப்புறத்தும் உட்புறத்தும் உள்ள தசை நாண்களே அவ்வேலையைச் செய்கின்றன. இதனால் விளையும் தீங்கும் ஒன்றுண்டு. அத்தசைகளுக்குச் செல்லும் நரம்பு, தோள்பட்டை எலும்பின் முன்விளிம்பைச் சுற்றிச் செல்கிறது. பொருந்தாத கழுத்துப்பட்டை அவ்விடத்தை அழுத்தினாலோ, பலத்த அடி விழுந்தாலோ நரம்பு பழுதடைந்து தசைகள் சூம்பிவிடும். பிறகு காலை ஊன்றும்போதெல்லாம் தோள் மூட்டு வெளிப்புறமாகப் பிதுங்கும். வண்டிக் குதிரைகளில் இந்நோய் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும்.

முழங்கை

முழங்கை, கதவின் கீலைப்போல ஒரே தளத்தில் மட்டும் அசையும் மூட்டாகும். மனிதன் உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புவதற்கு ரேடியஸ், அல்னா ஆகிய இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று புரளக்கூடியவையாக இருப்பதே காரணம். பூனையும் ஓரளவு தன் பாதத்தைத் திருப்ப வல்லது. இரையைப் பிடிக்கவும் மரமேறவும் அத்திறன் அதற்குத் தேவை. மாட்டில் இவ்விரு எலும்புகளும் ஒன்றாகப் பிணைந்துவிட்டன. குதிரையில் அல்னாவின் கீழ்ப்பகுதி தேய்ந்து, மேற்பகுதி ரேடியஸுடன் ஒட்டிவிட்டது. காலைத் திருப்பும் ஆற்றலை இப்பிராணிகள் இழந்தன; அதற்கு ஈடாக, வேகமாக ஓடும்போது கால் பக்கவாட்டில் புரளாத உறுதியைப் பெற்றன.

முழங்கையை நிமிர்ந்த நிலையில் நிறுத்தும் தசைகளுக்குச் செல்லும் நரம்பு, புய எலும்பின் வெளிப்புறத்தை ஒட்டிச் செல்கிறது. லாடம் கட்டுவதற்காகவோ சிகிச்சைக்காகவோ மாட்டைக் கயிற்றால் வீழ்த்திக் கடினமான தரையில் நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடத்தினால், அந்நரம்பு நசுங்கக்கூடும். பிறகு மாடு எழுந்து நிற்கும்போது முழங்கை தாழ்ந்து தொங்கும். காலை முன்னே எடுத்துவைக்க இயலாது. எனவே, மாட்டை மணலிலோ வைக்கோல் பரப்பிலோ வீழ்த்துவதும், வேலையை விரைவில் முடித்து எழுப்பிவிடுவதும் இன்றியமையாதவை.

மணிக்கட்டு

மணிக்கட்டின் எலும்புகள் மனிதனுக்கு எட்டு, நாய்க்கு ஏழு, குதிரைக்கு ஏழு அல்லது எட்டு, மாட்டுக்கு ஆறு. இவை இரு வரிசைகளாக அடுக்கப்பட்டுள்ளன. மாட்டின் மேல்வரிசையில் நான்கும் கீழ்வரிசையில் இரண்டும் உள்ளன. மூட்டு மடங்கும்போது முன்கைக்கும் மேல்வரிசைக்கும் இடையிலும், இரு வரிசைகளுக்கு இடையிலும் திறப்பு ஏற்படுகிறது. கீழ்வரிசைக்கும் அதன் அடியிலுள்ள எலும்புக்கும் இடையே அசைவு மிகக் குறைவு. கால் நிமிரும்போது இவ்வெலும்புகள் யாவும் செங்கல் அடுக்குபோல நெருங்கிப் பொருந்துகின்றன. பின்புறத்திலுள்ள கனத்த இணைப்பு நார், மூட்டு நேர்நிலையைக் கடந்து எதிர்ப்புறம் வளையாதவாறு தடுக்கிறது. பல சிறு எலும்புகளாக இருப்பதால் அதிர்ச்சி பலவாறு பகிர்ந்து தணிகிறது.

கணுவும் குளம்பும்

மணிக்கட்டுக்குக் கீழே உள்ள நீண்ட எலும்பு, மாட்டில் மூன்றாம், நான்காம் உள்ளங்கை எலும்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து உருவானது. குதிரையில் மூன்றாவது எலும்பு மட்டுமே பருத்து வளர்ந்துள்ளது. அதன் இரு பக்கங்களிலும் மெல்லிய ஈர்க்குகளைப்போல இரு எலும்புகள் எஞ்சியுள்ளன. மாடு இரு விரல்களின் நுனியிலும், குதிரை ஒரே விரலின் நுனியிலும் நடக்கின்றன. குளம்பு என்பது தடித்த நகமே ஆகும். மாட்டின் காலில் குளம்புகளுக்குமேல் பின்புறத்தில் தொங்கும் சிறு கொம்புகள், இரண்டாம், ஐந்தாம் விரல்களின் எச்சங்கள்.

கணு எனப்படும் மூட்டு உண்மையில் விரல்களின் அடிமூட்டாகும். இதன் பின்புறத்தில் குதிரைக்கு இரண்டும் மாட்டுக்கு நான்குமாகச் சிறு எலும்புகள் உள்ளன. மணிக்கட்டிலிருந்து இறங்கும் வலிமை வாய்ந்த நார்ப் பட்டை இவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. பாரம் விழும்போது கணு தாழ்ந்து, பாரம் நீங்கியதும் வில்லைப்போல மீண்டெழுகிறது. இத்தகைய நார்களின் துணையினாலேயே குதிரை மிகக் குறைந்த தசை முயற்சியுடன் நின்றுகொண்டே கண்ணயர முடிகிறது.

நோயும் காப்பும்

முன்னங்காலில் வலியுள்ள பிராணி, அக்காலைத் தரையில் வைக்கும்போது தலையை உயர்த்தும். நல்ல காலை ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். இதனைக் கவனித்தால் எக்காலில் வலி என்பது தெரியவரும். மாடுகளின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலிருந்தே தோன்றுவதால், தோளையோ மணிக்கட்டையோ ஐயுறுவதற்கு முன் குளம்பைக் கழுவி, முள், கல், வெடிப்பு, புண் முதலியன உண்டா என்று பார்க்க வேண்டும்.

காரைத் தரையில் போதிய வைக்கோலின்றிக் கட்டப்படும் மாடுகள் எழும்போதும் படுக்கும்போதும் மணிக்கட்டின் முன்புறம் ஓயாமல் உராய்கிறது. நாளடைவில் அங்கே நீர்க்கட்டி உண்டாகிறது. இதனைக் குத்தி உடைப்பது பெருந்தவறாகும். கிருமிகள் உட்புகுந்தால் மூட்டே கெட்டுவிடலாம். மேலும், இத்தகைய கட்டி சில சமயங்களில் புரூசெல்லா நோயின் விளைவாகவும் தோன்றுவதுண்டு. அப்போது அதிலுள்ள நீர் மனிதருக்கும் நோயைப் பரப்பக்கூடும். ஆகவே, கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. இந்நோயைத் தடுக்க 2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 4 முதல் 8 மாத வயதுடைய பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடுவதற்கு வகைசெய்யப்பட்டது.

பிறந்த கன்றின் மணிக்கட்டு வீங்கிச் சூடாக இருந்தால், அடி பட்டது என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. தொப்புள் வழியே புகும் கிருமிகள் இரத்தத்துடன் மூட்டுகளைச் சென்றடைவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கன்று பிறந்தவுடன் தொப்புளில் டிங்க்சர் அயோடின் தடவுவதும், ஈனும் இடத்தைத் தூய்மையாக வைப்பதும், சீம்பாலைக் காலத்தே ஊட்டுவதும் இதனைப் பெரிதும் தடுக்கும்.

இளங்காளைகளை வேலைக்குப் பழக்குவோர் அறியவேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. மணிக்கட்டுக்கு மேலேயுள்ள ரேடியஸின் கீழ்நுனியில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு உள்ளது. மாட்டில் அது முழுவதும் எலும்பாக மாறுவதற்கு மூன்றரை முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதுவரை நடையும் இலேசான வேலையும் பழக்கலாமேயன்றி, கனத்த சுமையை ஏற்றுதல் தகாது.

பிராணிகள்மீது இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், இழுவைப் பிராணிகளை நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையே ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது என்று விதிக்கின்றன. வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸுக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வேலை வாங்குவதும் தடுக்கப்பட்டுள்ளது. தசைகளே தாங்கும் தோளைப் பொறுத்தவரை இவ்வோய்வு தனிச் சிறப்புடையது. எலும்புப் பிணைப்பு இருந்தால் அது களைப்படையாது; தசை களைப்படையும். களைத்த தசை அதிர்ச்சியைத் தணிக்க இயலாதபோது, அச்சுமை முழுவதும் முழங்கை, மணிக்கட்டு, கணு, குளம்பு ஆகியவற்றின்மேல் ஒருங்கே இறங்குகிறது. எனவே, உரிய நேரத்தில் நுகத்தடியை இறக்கி வைப்பது காளையின் முன்னங்கால் மூட்டுகள் அனைத்துக்கும் செய்யும் பாதுகாப்பாகும்.