வேலி தாண்டும் செல்ல நாய்... சங்கிலிதான் வழியா?

செம்பரம்பாக்கம் பக்கம் புது மனைகளில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்திருப்பார்கள். மாட்டைத் தடுக்கும்; நாய்க்கு அது வேலியே அல்ல. வெளியே போனால் பெங்களூரு நெடுஞ்சாலை, இரவெல்லாம் லாரிகள். பயந்துபோய் நாள் முழுக்கக் கட்டிப்போடுகிறோம். நடக்கவிடாமல் எந்நேரமும் சங்கிலியில் வைத்திருப்பது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அடைபட்ட நாய், அவிழ்த்ததும் இன்னும் வேகமாகத்தான் ஓடும்.

எப்படித் தப்பிக்கிறது என்று முதலில் மறைந்து நின்று பாருங்கள். தோண்டுகிறதா? வேலியோடு கம்பிவலையைச் சேர்த்துக் கட்டி, அடியில் ஓரடிக்கு உள்பக்கமாக மடித்து மண்போட்டு மூடுங்கள். நகத்தில் வலை தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். தாவுகிறதா? சுவரோரம் அடுக்கிய செங்கல்லையும் தண்ணீர் டிரம்மையும் நகர்த்துங்கள். அதற்குப் படிக்கட்டே அவைதான். சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்கு வளர்த்த இனங்கள். ஆறடி உயரமாவது வேண்டும்.

ஆண் நாய் என்றால் கருத்தடை ஆபரேஷன் பற்றி கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். துணை தேடி ஓடுவது குறையும். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போங்கள்.

சிலிண்டர்காரருக்குக் கேட்டைத் திறக்கும்போது மட்டும் கட்டிவையுங்கள். தீபாவளிக்கு இருட்டும் முன்பே வீட்டுக்குள் அழைத்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும்.