விளக்கு வெளிச்சத்தில் தரையிறங்கும் கடல் பறவைகள்

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை தீயணைப்பு நிலையங்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை வந்துவிடும். சாலையோரத்திலும் ஓட்டல் புல்வெளியிலும் கிடந்த பறவைகளைத் துண்டில் சுற்றி எடுத்து வரும் மக்கள், அங்கே வைத்திருக்கும் கூண்டுகளில் விட்டுச் செல்வார்கள். 1979 முதல் இந்த ஏற்பாட்டில் மீட்கப்பட்ட பறவைகள் 30,000க்கும் மேல்.

இவற்றில் பெரும்பாலானவை ‘ஆஓ’ எனப்படும் நியூவெல் ஷியர்வாட்டர் குஞ்சுகள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, எடை சுமார் 400 கிராம். ஹவாயைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் முட்டையிடுவதில்லை. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு கவாயில்தான். கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிக்கிறோம் என்று 1883இல் ஹவாயின் வேறு சில தீவுகளில் கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பறவைகளையும் தின்னும் அந்தக் கீரிகளிடமிருந்து கவாய் தப்பியது.

ஏன் விழுகின்றன?

மலைச் சரிவில், பெரணிப் புதருக்கு அடியில் உள்ள வளையில் வளரும் குஞ்சு, இறகு முளைத்ததும் இரவில் தனியாகக் கடலுக்குக் கிளம்புகிறது. கடல்மேல் படும் நிலவொளியும் விண்மீன் ஒளியும்தான் அதற்கு வழிகாட்டி. நடுவில் ஊர் விளக்குகள் குறுக்கிட்டால் திசை தடுமாறி, அவற்றையே சுற்றிச் சுற்றிக் களைத்துத் தரையில் இறங்கிவிடும். நீந்துவதற்கு வசதியாகக் கால்கள் உடலின் பின்பக்கம் அமைந்திருப்பதால் சமதரையிலிருந்து அதனால் எளிதில் எழும்ப முடியாது. பூனை, நாய், கார் என ஏதோ ஒன்றுக்குப் பலியாகிவிடும்.

மீட்பு மையத்தில் என்ன நடக்கிறது?

‘சேவ் அவர் ஷியர்வாட்டர்ஸ்’ என்ற திட்டத்தின் ஊழியர்கள் பறவையை எடை போட்டு, இறக்கையை விரித்து எலும்பு முறிவு உண்டா என்று பார்க்கிறார்கள். அடுத்தது இறகுச் சோதனை. பறவையைத் தண்ணீரில் மிதக்க விடும்போது நீர் முத்து முத்தாக உருண்டோட வேண்டும். இறகு நனைந்து உள்ளே ஈரம் இறங்கினால், கடலில் குளிர் தாங்காமல் செத்துவிடும். எண்ணெயோ பிசுக்கோ ஒட்டியிருந்தால் கழுவி, இறகு பழைய நிலைக்கு வரும்வரை வைத்திருக்கிறார்கள். நலமாக இருந்தால் காலில் வளையம் மாட்டிக் கடலோர மேட்டிலிருந்து பறக்க விடுகிறார்கள்.

பொதுமக்களுக்குச் சொல்வது சுருக்கமானது: பின்னாலிருந்து துண்டைப் போர்த்தித் தூக்குங்கள், காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள், தீனியோ தண்ணீரோ கொடுக்காதீர்கள், நீங்களாகப் பறக்க விட முயலாதீர்கள்.

இது போதுமா?

போதவில்லை. 1993க்கும் 2013க்கும் இடையில் கவாயின் ஆஓ எண்ணிக்கை 94 சதவீதம் சரிந்ததை ரேடார் ஆய்வு காட்டியது. ஆஓ ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதுவும் சுமார் ஆறு வயதுக்குப் பிறகு. அதனால் வளர்ந்த பறவை ஒன்று செத்தால் அந்த இழப்பை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ந்த பறவைகளோ மலைக்கும் கடலுக்கும் இடையே இருட்டில் போய்வரும்போது மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. அவற்றில் மீட்பு மையத்தை எட்டுபவை மிகக் குறைவு. வளைக்குள் இருப்பவற்றைப் பூனையும் எலியும் பன்றியும் தின்கின்றன.

எனவே வேலை மையத்துக்கு வெளியேயும் விரிந்திருக்கிறது. 2010இல் பள்ளிகளின் இரவு நேரக் கால்பந்துப் போட்டிகள் பகலுக்கு மாற்றப்பட்டன. ஊரில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. மின் கூட்டுறவு நிறுவனம் சில இடங்களில் உச்சிக் கம்பிகளை அகற்றி, மற்றவற்றில் பறவையின் கண்ணில் படும் பட்டைகளை மாட்டியுள்ளது. கிலாவியா முனையில் பூனை, எலி நுழைய முடியாத வேலிக்குள் மலையிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்தார்கள்.

விழுந்த பறவையை எடுத்துப் பறக்க விடுவது முதலுதவி. நோய்க்கான மருந்து விளக்கிலும் கம்பியிலும் வேலியிலும் இருக்கிறது. தேவையற்ற விளக்கை அணைப்பதும், தேவையானதைத் தரையை நோக்கித் திருப்பி மூடி போடுவதும் அதிகச் செலவில்லாமல் உடனே செய்யக்கூடியவை.