எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் வகுப்பு

ஆசிரியர் கேள்வி கேட்டதும் எந்தக் கைகள் உயரும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. வாய்ப்பேச்சு ஒரே வாளி உள்ள கிணறு; ஒருவர் இறைத்து முடிக்கும்வரை மற்றவர்கள் நிற்க வேண்டும். பலரின் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும்.

இணையத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதும் பகிர்ந்த பக்கத்தில் அந்தக் காத்திருப்பு இல்லை. இப்படி எழுத்தில் பேசும் வழியை வகுப்பு விவாதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், காது கேளாத மாணவர்களின் ஆசிரியர்.

வாஷிங்டனிலுள்ள கேலடெட் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தமக்குள் சைகை மொழியில் பேசிக்கொள்வார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் பயிற்சியாகவும் கட்டுரையாகவுமே அவர்கள் முன் வந்து நின்றது. ஆங்கிலப் பேராசிரியர் ட்ரென்ட் பேட்சன் 1985-இல் வகுப்புக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தார். ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பியதும் அது அவர் பெயரோடு எல்லோர் திரையிலும் தோன்றும். கேள்வி, மறுப்பு, கிண்டல், சமாதானம் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்தன. திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் மட்டும் என்றிருந்த எழுத்துக்கு, உடனே பதில் சொல்லும் தோழர்கள் கிடைத்தார்கள்.

காது கேட்பவர்களின் வகுப்புகளுக்கும் இது பரவியது. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதே வகை விவாதத்துக்காக 'இன்டர்சேஞ்ச்' என்ற மென்பொருள் உருவானது. அதை பெர்க்லியில் பிரெஞ்சு கற்கும் மாணவர்களிடம் ஆராய்ந்த ரிச்சர்ட் கெர்ன், வாய்வழி விவாதத்தைவிட இரண்டு முதல் மூன்றரை மடங்கு அதிகமுறை அவர்கள் பங்கெடுத்ததாக 1995-இல் எழுதினார். இலக்கணம் நெகிழ்ந்ததையும், ஆசிரியரின் பிடி தளர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அந்தப் பிடி கொஞ்சம் தளரத்தான் வேண்டும். இன்று இப்படி எழுதிப் பேசும் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல இடங்களில் அவை வீட்டுப்பாடம் வாங்கும் பெட்டிகளாகவே இருக்கின்றன. ஆளுக்கு இரண்டு கருத்து, அதற்கு இத்தனை மதிப்பெண் என்று விதித்தால் 'நன்று', 'நானும் அப்படியே நினைக்கிறேன்' என்பவைதான் குவியும். குறை பிள்ளைகளிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. நீர்ச் சுழற்சியின் படிகளை எழுதச் சொன்னால் எல்லோரும் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள். ஏரியைத் தூர்வாரினால் மட்டும் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டால் சண்டை மூளும்.

மூளட்டும். பத்து நிமிடம் எழுதவிட்டு, ஒன்றோடொன்று மோதும் இரண்டு வரிகளை ஆசிரியர் திரையில் காட்டி, எழுதியவர்களையே பேச அழைக்கலாம். சொல்ல வேண்டியது ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால், கடைசி பெஞ்சு மாணவிக்கும் எங்கே தொடங்குவது என்ற திணறல் இருக்காது.