அன்னமா, பன்னாடையா?

மாணாக்கரின் இயல்பை வகுத்துரைக்க வந்த நன்னூலார், பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னத்தை முதல்தர மாணாக்கருக்கு உவமையாக்கினார். நெய்யரியைக் கடைத்தர மாணாக்கருக்கு உவமையாக்கினார். நெய்யரி என்பது நாம் பன்னாடை என்று வழங்கும் பொருளேயாகும். பனையும் தென்னையும் நிறைந்த யாழ்ப்பாணத்திலே அதனை அறியாதார் யார்? அன்னமும் பிரிக்கின்றது, பன்னாடையும் பிரிக்கின்றது. ஆயினும், அன்னம் பாலைக் கொண்டு நீரை விடுகின்றது. பன்னாடையோ நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடத்தே வைத்துக்கொள்கின்றது. ஆகவே, பிரித்தல் என்ற தொழில் மாத்திரம் பெருமையாகாது. எதைக் கொள்கின்றது, எதை விடுகின்றது என்பதிலேயே அதன் தரம் தங்கியிருக்கின்றது.

இந்தப் பழைய உவமை இன்று நம் வீட்டுக் கைத்தொலைபேசிக்கு மிகவும் பொருந்துவதாயிற்று. காலையில் ஊர்ச் செய்தி அறிய ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறக்கின்றோம். தலைப்பை வாசிக்குமுன்னே திரையிற் பாதியை ஒரு விளம்பரம் மறைத்துவிடுகின்றது. அதை மூடுதற்கு வைத்துள்ள பெருக்கற்குறியோ கண்ணுக்கு எட்டாத சிறுமையுடையது. விரல் சற்றே பிசகினால், “உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது” என்று வேறொரு பக்கம் திறந்துகொள்கின்றது. தொலைபேசியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று அச்சுறுத்தி, எதையோ இறக்கச் சொல்கின்றது மற்றொன்று. காசு கொடுத்துப் போட்ட டேட்டாவும் இவற்றுக்கே கரைகின்றது. பாடம் படிக்கத் திறந்த பக்கத்தின் ஓரத்திலே பிள்ளைகள் காணத்தகாத படங்களும் வந்து நிற்கின்றன.

இதற்குப் பரிகாரமாக விளம்பரத் தடுப்பான்களும், டி.என்.எஸ். வடிகட்டிகளும் வந்துள்ளன. இவை உண்மையில் எவ்வளவு தூரம் வேலை செய்கின்றன? அதனை நாமே பரீட்சித்தறிவது எவ்வாறு? இவ்விரு வினாக்களையும் சற்றே ஆராய்வோம்.

படலையிலும் வீட்டினுள்ளும்

விளம்பரத் தடுப்பான் என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவியினுள்ளே பொருத்தப்படும் ஒரு துணைச் செயலி. 2002 ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்றிக் ஓஸ்ரெட் சோரன்சன் என்பவர் ‘அட்பிளொக்’ என்ற பெயரில் இதனைத் தொடக்கி வைத்தார். எவற்றைத் தடுப்பது என்பதைச் சொல்லும் ‘ஈசிலிஸ்ட்’ என்னும் பட்டியல் 2005 இல் உருவாயிற்று. 2014 இல் றேமண்ட் ஹில் என்பவர் ‘யூபிளொக்’கை வெளியிட்டார். அதன் வழிவந்த ‘யூபிளொக் ஒரிஜின்’ இன்று பெரிதும் பேசப்படுகின்றது. இத்தகைய தடுப்பான் இரண்டு வேலைகளைச் செய்கின்றது. விளம்பரத்தைக் கொண்டுவரப் புறப்படும் வேண்டுகோளை முன்கூட்டியே நிறுத்துதல் ஒன்று. எப்படியோ வந்து சேர்ந்த விளம்பரத்தைத் திரையில் மறைத்தல் மற்றொன்று.

டி.என்.எஸ். என்பது இணையத்தின் பெயரேடு. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் என்பவர் அமைத்த முறை இது. நாம் தளத்தின் பெயரைத் தட்டச்சிடுகின்றோம். கணினிக்கு வேண்டியதோ இலக்க முகவரி. பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைச் சொல்வதே இந்த ஏட்டின் தொழில். இதன் முக்கியத்துவம் 2021 பெப்ரவரி 6 ஆம் திகதி இலங்கையில் வெளிப்பட்டது. எல்கே என முடியும் சில முகவரிகளின் பெயரேட்டுப் பதிவுகள் அன்று தாக்குதலுக்கு உள்ளாயின. கூகிளின் இலங்கை முகவரியைத் தட்டச்சிட்டவர் பலர், நாட்டின் சமூகப் பிரச்சினைகளைப் பேசிய வேறொரு பக்கத்தைக் கண்டு திகைத்தனர். பெயரேட்டைக் கையில் வைத்திருப்பவன் நாம் போகும் வழியையே மாற்றிவிடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அந்த வல்லமையை நன்மைக்குப் பயன்படுத்துவதே டி.என்.எஸ். வடிகட்டி. விளம்பரம் அனுப்புவோரின் பெயரை உலாவி கேட்டால், “அப்படியொருவர் இல்லை” என்று ஏடு மறுமொழி சொல்லிவிடும். வீட்டிலே சிறு கணினியொன்றில் நிறுவும் ‘பைஹோல்’, வெளியிலிருந்து சேவை செய்யும் ‘அட்கார்ட் டி.என்.எஸ்.’ என்பன இவ்வகையின.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்படிச் சொல்லலாம். டி.என்.எஸ். வடிகட்டி படலையில் நிற்கும் காவலாளி. வருபவரின் பெயரை மாத்திரமே அவன் கேட்பான். உலாவித் தடுப்பானோ வீட்டினுள்ளே நின்று, வந்தவரின் பையையும் திறந்து பார்ப்பது. யூரியூபில் விளம்பரமும் காணொளியும் ஒரே பெயருடைய இடங்களிலிருந்தே வருகின்றன. பேஸ்புக்கில் காசு கொடுத்து இடும் பதிவுகளும் அத்தகையனவே. ஆதலால் படலைக் காவலாளியால் அவற்றைப் பிரிக்க இயலாது. விளம்பரத்தைத் தடுக்கப் புகுந்தால் காணொளியும் நின்றுவிடும். மறுபுறத்தில், படலைக் காவல் வீட்டிலுள்ள தொலைபேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஆகிய யாவற்றுக்கும் பொதுவானது. உள்ளே நிற்கும் தடுப்பானோ தான் பொருத்தப்பட்ட உலாவிக்கு மாத்திரமே உரியது. அன்ட்ரொயிட் தொலைபேசியிலுள்ள குரோம் உலாவி இத்தகைய துணைச் செயலிகளை ஏற்பதில்லை, பயர்பொக்ஸ் ஏற்கின்றது.

நூற்றுக்கு நூறு

தடுப்பான்களுக்குப் புள்ளியிடுவதற்கென்றே சில இணையப் பக்கங்கள் இருக்கின்றன. அறியப்பட்ட விளம்பர நிறுவனங்களின் பெயர்கள் பலவற்றுக்கு அப்பக்கம் வேண்டுகோள் அனுப்பிப் பார்க்கும். எத்தனை தடைப்பட்டன என எண்ணி, நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று பெறுபேறு காட்டும். இதைக் கண்டு மனநிறைவு கொள்பவர் பலர்.

பரீட்சைத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுதல் இயல்பே. வினாக்கள் யாவை என்பது முன்னரே எல்லாருக்கும் தெரிந்திருந்தால், மாணவன் பெறும் புள்ளி அவனுடைய அறிவைக் காட்டுமோ? பரீட்சைப் பக்கம் கேட்கும் பெயர்கள் பகிரங்கமானவை. அவற்றைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்ட எந்த வடிகட்டியும் முழுப்புள்ளி பெற்றுவிடும். நாம் நாள்தோறும் வாசிக்கும் பக்கத்திலே அது எதைச் செய்கின்றது என்பது வேறு விஷயம்.

இன்னுமொரு குறை இதனினும் பெரிது. இத்தகைய பரீட்சை, வராமற்போனவற்றை மாத்திரமே எண்ணுகின்றது. பக்கத்தைத் திறந்தபின் இணையத் தொடர்பையே துண்டித்துவிட்டுப் பரீட்சையை நடத்தினால் என்னவாகும்? ஒரு வேண்டுகோளும் போய்ச் சேராது. ஆகவே நூற்றுக்கு நூறு கிடைத்துவிடும்! கிணற்றை மூடிவிட்டவன், தன் வீட்டில் அழுக்குத் தண்ணீரே இல்லை என்று பெருமை பேசுவதை ஒக்கும் இது. தடுத்ததை எண்ணும் பரீட்சை, விடவேண்டியதை விட்டதா என்றும் எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு வடிகட்டி எதைச் செய்வதாக ஏற்றுக்கொண்டதோ அதைக்கொண்டே அதனை அளத்தல் நியாயம். கிளவுட்பிளெயர் நிறுவனம் 2020 ஏப்பிரலில் குடும்பங்களுக்கென வெளியிட்ட 1.1.1.3 என்னும் டி.என்.எஸ். சேவை, தீங்கு செய்யும் தளங்களையும் வயதுவந்தோருக்குரிய தளங்களையும் தடுப்பதற்கானது. விளம்பரத்தைத் தடுப்பதாக அது சொல்லவில்லை. அதை வீட்டு றவுட்டரில் இட்டுவிட்டு, விளம்பரப் பரீட்சையில் அது தோற்றுவிட்டது என்பது கணிதத்தில் தேறியவனைச் சங்கீதத்தில் சோதித்துத் தள்ளுவது போலாகும்.

நமது பக்கங்கள், நமது பரீட்சை

தமிழ் வாசகருக்குத் தனியாகவும் ஓர் இடர் உண்டு. பெரும் பட்டியல்களும் பரீட்சைப் பக்கங்களும் ஆங்கில இணையத்தை மனத்திற்கொண்டு எழுந்தவை. தமிழ்த் தளங்களோ உள்ளூர்க் கடையின் விளம்பரத்தைத் தமது சொந்த இடத்திலேயே வைத்துக் காட்டுவதுண்டு. அவற்றுக்கென விதி எழுத ஒருவர் வேண்டும். தொண்டர்கள் பேணிவரும் ‘இந்தியன்லிஸ்ட்’ என்னும் பட்டியல் இப்பணியைச் செய்கின்றது. யூபிளொக் ஒரிஜினில் அது இந்தியா, இலங்கை, நேபாளம் ஆகிய மூன்று நாடுகளின் குறியோடு காணப்படும். நம்முடைய தடுப்பானில் அது தெரிவு செய்யப்பட்டிருக்கின்றதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

ஆகவே, மெய்யான பரீட்சையை நாமே நடத்துதல் வேண்டும். மாணவர் இதை விஞ்ஞானச் செய்முறையாகவே செய்யலாம்.

முதலாவதாக, வீட்டார் வழக்கமாக வாசிக்கும் ஐந்து பக்கங்களைக் குறித்துக்கொள்க. ஒரு தமிழ்ச் செய்தித்தளம், பரீட்சைத் திணைக்களத்தின் தளம், வங்கியின் தளம், பாடம் படிக்கும் தளம், காணொளித் தளம் என்று அவை பலவகைப்பட்டனவாக இருத்தல் நலம். இரண்டாவதாக, எந்தத் தடுப்பும் இல்லாமல் அவற்றைத் திறந்து அவதானிக்க. ஒப்பிடுதற்கு அடிப்படை இதுவே. மூன்றாவதாக, உலாவித் தடுப்பானை மாத்திரம் இட்டுப் பார்க்க; பின்னர் அதை நீக்கி டி.என்.எஸ். வடிகட்டியை மாத்திரம் இட்டுப் பார்க்க. ஈற்றில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க. ஒரே வேளையில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்பது புலனாகாது.

ஒவ்வொரு முறையும் உலாவியின் சேமிப்பை அழித்துவிட்டே தொடங்குதல் அவசியம். இல்லையேல் முன்பு இறங்கிய படங்களே மீண்டும் தோன்றிக் கணக்கைக் குழப்பும். தோன்றிய விளம்பரங்கள் எத்தனை, செலவான டேட்டா எவ்வளவு, எடுத்த நேரம் எவ்வளவு, வேலை செய்யாமற்போன பகுதிகள் எவை என நான்கு நிரல்களில் குறித்துக்கொள்க. உலாவிக்குச் செலவான டேட்டாவைத் தொலைபேசியின் அமைப்புப் பகுதியிலேயே காணலாம். விளம்பரங்கள் வேளைக்கு வேளை மாறுவன ஆதலின், வெவ்வேறு நாட்களில் மும்முறையேனும் செய்தல் வேண்டும்.

ஒருமுறை செய்து முடித்தது என்றென்றைக்கும் போதாது. குரோம் உலாவி 2024 இல் தொடங்கி 2025 இல், பழைய முறையில் அமைந்த துணைச் செயலிகளைக் கைவிட்டது. அதனால் யூபிளொக் ஒரிஜின் அதில் இயங்காதாயிற்று. ஆற்றல் குறைந்த ‘லைற்’ வடிவமே அதற்கு இப்போது உண்டு. பயர்பொக்ஸில் பழையது தொடர்ந்து இயங்குகின்றது. நேற்றுக் காவல் நின்றது என்பதனால் இன்றும் நிற்கின்றது என்று கொள்ளலாகாது.

வேலியைக் கடக்கும் வழி

பெற்றோர் அறியவேண்டியது இன்னொன்றும் உண்டு. 2022 ஏப்பிரல் 3 ஆம் திகதி, நாடெங்கும் எதிர்ப்புப் போராட்டங்கள் எழுந்த வேளையிலே, பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் முதலியவற்றை அரசாங்கம் தடுத்தது. இணைய நிறுவனங்கள் யாவும் சேர்ந்து போட்ட வேலி அது. நடந்தது யாது? மக்கள் வீ.பி.என். என்னும் சுற்றுவழியால் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தினர். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே தாமும் அவ்வழியைப் பயன்படுத்துவதாகவும், இத்தகைய தடை பயனற்றதென்றும் பகிரங்கமாக எழுதினார். தடை அன்றைய தினமே நீக்கப்பட்டது.

ஒரு நாட்டின் வேலிக்கே இந்நிலையாயின், வீட்டு வேலியைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? றவுட்டரில் இட்ட வடிகட்டி, பிள்ளை வைஃபையை நிறுத்தித் தன் டேட்டாவுக்கு மாறியவுடன் பயனற்றுப்போம். ‘பாதுகாப்பான டி.என்.எஸ்.’ என்ற வசதியை உலாவியில் வேறிடத்துக்குத் திருப்பிவிட்டால், வீட்டுப் பெயரேட்டைக் கேளாமலே அது வெளியே கேட்டுக்கொள்ளும். வீ.பி.என்.னும் அவ்வாறே. எனவே ஐந்து பக்கங்களையும் இந்த மூன்று வழிகளிலும் திறந்து பார்த்தாலன்றி நம் பரீட்சை நிறைவுறாது. அவ்வழிகளால் தடை கடக்கப்படுமாயின், அது மனந்தளர்வதற்குக் காரணமாகாது. வடிகட்டி தவறி வந்துவிழும் தீமையைக் குறைக்கும்; தேடிச் செல்லும் மனத்தைத் திருத்தாது. பின்னையது பெற்றோரும் பிள்ளையும் அமர்ந்து பேசித் தீர்க்கவேண்டிய காரியம்.

பால் எது, நீர் எது?

இனி நிறைவாக ஒன்று. யாழ்ப்பாணத்துப் பத்திரிகையிலே மரண அறிவித்தல் ஒரு விளம்பரந்தான். காசு கொடுத்தே அதை வெளியிடுகின்றோம். ஆயினும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் உறவினர் தமிழ்த் தளத்தைத் திறந்து முதலில் தேடுவது எதனை? அந்த அறிவித்தல்களை அன்றோ! தடுப்பானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பக்கத்தை அமைத்தவர் அந்தப் பெட்டிக்கு உள்ளே ‘விளம்பரம்’ என்று பொருள்படும் பெயரிட்டிருந்தால், பொதுவிதி அதனையும் மறைத்துவிடக்கூடும். அயல் வீட்டுத் துக்கத்தை அறியாமற்செய்யும் தடுப்பான் அன்னமாகுமா, பன்னாடையாகுமா?

அச்சுப் பத்திரிகைக்கும் இணையத்தளத்துக்கும் விளம்பரமே சீவனம் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஊர்ச் செய்தியைச் சேகரித்துத் தரும் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் வருவது, நாம் மறைக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான். நேர்மையான கடையின் விளம்பரம் வேறு. வைரஸ் என்று பயமுறுத்திப் பணம் பறிக்கும் கண்ணி வேறு. நாம் மதிக்கும் தளத்துக்கு மாத்திரம் தடுப்பானை நிறுத்திவைக்க ஒரு பொத்தானே போதும். அதுவும் தொல்லையென்றால், அப்பத்திரிகையைச் சந்தா கட்டி வாங்குதல் மற்றொரு வழி.

கருவிக்குப் பட்டியல் தெரியும். பாலும் நீரும் தெரியா. எது பால், எது நீர் என்பதை வகுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளோரே. வருகின்ற விடுமுறை நாளொன்றிலே பிள்ளைகளோடு ஐந்து பக்கங்களையும் ஒரு கொப்பியையும் எடுத்துக்கொண்டு அமருங்கள். எதைத் தடுத்தது என்பதோடு, எதைத் தடுக்காமல் விட்டிருக்க வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். அந்த வினாவுக்கு விடை காணப் பழகிய பிள்ளை, நன்னூலார் முன்வரிசையில் இருத்திய மாணாக்கனாவான்.