தமிழ் தெரியாத தமிழ்ப்பட டைரக்டர்!

சென்னை நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. 1920-ல் அதைத் தொடங்கியவர் ஹாரி பக் என்ற அமெரிக்கர். அவர் விளையாட்டு சொல்லிக்கொடுக்க வந்தார்.

15 ஆண்டுகள் கழித்து இன்னொரு அமெரிக்கர் வந்தார். அவர் வந்தது சினிமாப் படம் எடுக்க! அவர் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பாகவதரையும் எம்.எஸ். சுப்புலட்சுமியையும் நடிக்க வைத்து, பெயர் பெற்ற தமிழ்ப் படங்களை எடுத்தார்.

நண்பருடன் வந்தார்

டங்கன் 1909-ல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமாக் கலை படித்தார். அங்கே உடன் படித்த மாணிக் லால் டாண்டன் என்ற இந்தியர் அவரை அழைத்தார். 1935-ல் இந்தியா வந்தார்.

1936-ல் "சதி லீலாவதி" வெளிவந்தது. குடியின் கேட்டைச் சொல்லும் கதை. எழுதியவர் எஸ்.எஸ். வாசன். அதில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேடத்தில் ஓர் இளைஞர் தோன்றினார். அவர்தான் எம்.ஜி.ஆர்! டி.எஸ். பாலையா அறிமுகமானதும் அதே படத்தில்தான்.

எப்படி எடுத்தார்?

வசனத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொல்லிப் படித்துக்கொள்வார். உச்சரிப்பைக் கவனிக்கத் தமிழ் அறிந்த உதவியாளர்கள் இருந்தார்கள். முகபாவம், வெளிச்சம், காமிரா ஆகியவற்றை அவர் பார்த்துக்கொண்டார்.

அன்றையப் படங்கள் பல, மேடை நாடகத்தை அப்படியே பிடித்ததுபோல் இருந்தன. டங்கன் காமிராவை நகர வைத்தார். 1937-ல் பாகவதர் நடித்த "அம்பிகாபதி"யின் காதல் காட்சியில், ஷேக்ஸ்பியரின் "ரோமியோ ஜூலியட்" சாயலைக் காட்டினார்.

சிலைக்கு வெளிச்சம்

1945-ல் வந்த "மீரா"வுக்காக அவர் ஒரு காரியம் செய்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையை அச்சு அசலாகச் சாந்தில் சிலையாகச் செய்யச் சொன்னார். அவரும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும், அந்தச் சிலை மேல் பல பக்கங்களிலிருந்து விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எந்த வெளிச்சத்தில் முகம் எப்படித் தெரிகிறது என்று கண்டுகொண்ட பிறகே படம் பிடித்தார்கள். மீராவின் முகத்தில் பக்தி ஒளிவிட்டதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம்.

கண்டனம்

மொழி தெரியாதது அவருக்குத் தடையாக இல்லை. ஆனால் நம் வழக்கம் ஒருமுறை தடையாயிற்று. 1950-ல் வந்த "பொன்முடி"யில் காதலர்கள் அளவு மீறி நெருங்குவதாகக் கண்டனம் எழுந்தது. அமெரிக்கப் படங்களில் சாதாரணமாக வரும் காட்சி, நம் குடும்பங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

அதே ஆண்டு "மந்திரி குமாரி" வந்தது. வசனம் மு. கருணாநிதி. டங்கன் தொடங்கிய படத்தை மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் முடித்தார்.

டங்கன் அமெரிக்கா திரும்பி, செய்திப்படங்கள் எடுத்தார். 2001-ல், 92-வது வயதில் காலமானார்.

"மந்திரி குமாரி"யின் கதாநாயகர் யார் தெரியுமா? 14 ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்பெக்டராக வந்துபோன அதே எம்.ஜி.ஆர்!