முறித்துப் பார்ப்பதன் பொறுப்பு

ஒரு பாலமோ கொதிகலனோ விமானமோ எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்பவர் வடிவமைப்புப் பொறியாளர். அந்தக் கணக்கு உலோகத்தில் மெய்ப்படுகிறதா என்று இழுத்தும் வளைத்தும் அடித்தும் சூடேற்றியும் பார்த்து, கிடைத்த எண்ணின் கீழே கையொப்பமிடுபவர் சோதனைப் பொறியாளர். கம்பியை விற்பவரும் வாங்குபவரும் ஒரே எண்ணை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அந்த எண் இருவரையும் சாராத ஓரிடத்தில் பிறக்க வேண்டும். இதனால்தான் பல நாடுகளில் இப்பணியின் ஒரு பகுதியை அரசே ஏற்று நடத்தி வருகிறது.

இந்தியாவில் இதன் தொடக்கம் இரயில்வேயோடு பிணைந்தது. தேசியச் சோதனை நிலையம் 1912ஆம் ஆண்டு கல்கத்தாவின் அலிப்பூரில், இரயில்வே வாரியத்தின் தேவைக்காகத் தோன்றியது. இன்று அது நடுவண் அரசின் நுகர்வோர் விவகார அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது, அதன் தென்மண்டல நிலையம் சென்னைத் தரமணியில் உள்ளது. விடுதலைக்குப் பின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் வளர்ந்த ஆய்வகங்களில், ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகமும், பெங்களூரின் தேசிய வானூர்தி ஆய்வகங்களும், தரமணியிலேயே அமைந்த கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் உலோகச் சோதனை ஒரு முதன்மைப் பணி.

ஒரு கம்பியின் சோதனை

வீடு கட்டுவோர் அனைவரும் அறிந்த டிஎம்டி கம்பியைக் கொண்டு இப்பணியின் இயல்பை விளக்கலாம். எஃப்இ 500டி என்ற தரத்தில் உள்ள 500 என்பது, அக்கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கு முன் தாங்க வேண்டிய குறைந்தபட்சத் தகைவைக் குறிக்கிறது. தகைவு என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை. அது மெகாபாஸ்கல் என்ற அலகில், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில், கூறப்படுகிறது. 16 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 201 சதுர மில்லிமீட்டர் ஆதலால், அது சுமார் 100 கிலோநியூட்டன் விசையை, அதாவது 10 டன்னுக்குச் சற்று அதிகமான சுமையை, நிலையான நீட்சி இன்றித் தாங்கியாக வேண்டும்.

அளவெடுப்பதிலேயே முதல் சிக்கல் எழுகிறது. கான்கிரீட்டைப் பற்றிக்கொள்வதற்காகக் கம்பியின் மேல் வரிவரியாகப் புடைப்புகள் இருப்பதால், வெர்னியர் அளவியை எங்கே வைத்தாலும் வேறுவேறு விட்டமே கிடைக்கும். எனவே கம்பித் துண்டின் நீளத்தையும் எடையையும் அளந்து, எஃகின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோகிராம் என்று கொண்டு, அதிலிருந்து பரப்பைக் கணக்கிட வேண்டும் என்று ஐஎஸ் 1786 என்னும் இந்தியத் தர நிர்ணயம் விதிக்கிறது. இதன்பின் கம்பியில் விட்டத்தின் ஐந்து மடங்கு நீளத்துக்கு, அதாவது 80 மில்லிமீட்டருக்கு, அடையாளம் இட்டு, யுடிஎம் எனப்படும் பொதுச் சோதனை இயந்திரத்தின் இரு பிடிகளுக்கு இடையே பொருத்தி, அறுபடும் வரை இழுக்கிறார்கள்.

இழுக்கும்போது மூன்று தகவல்கள் கிடைக்கின்றன. கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு முதலாவது. அது தாங்கிய மிக உயர்ந்த தகைவு இரண்டாவது. அறுந்த துண்டுகளை ஒட்டவைத்து அளக்கும்போது தெரியும் நீட்சி மூன்றாவது. 500டி கம்பியில் 80 மில்லிமீட்டர் குறைந்தது 16 விழுக்காடு நீண்டு ஏறத்தாழ 93 மில்லிமீட்டராக வேண்டும். சாதாரண 500 தரத்துக்கு 12 விழுக்காடு போதும். நீளத் தொடங்கும் தகைவில் சமமான இவ்விரு கம்பிகளில், நிலநடுக்கத்தின்போது உடனே அறுந்துவிடாமல் நீண்டு கொடுத்து, உள்ளிருப்போர் வெளியேற அவகாசம் தரக்கூடியது 500டி வகையே ஆகையால், வலிமையை மட்டும் பார்த்து நீட்சியைப் பொருட்படுத்தாத சோதனை அரைச் சோதனையே.

எண்ணின் வமிசாவளி

இயந்திரத்தின் திரையில் 100 கிலோநியூட்டன் என்று தோன்றினால், அது மெய்யாகவே 100 கிலோநியூட்டன்தான் என்பதற்கு என்ன சான்று என்ற கேள்வியே சோதனைப் பொறியாளரை வெறும் இயந்திர இயக்குநரிடமிருந்து வேறுபடுத்துகிறது. விசையை உணரும் லோடு செல், அதனினும் துல்லியமான மற்றொரு கருவியோடு குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தப்பட வேண்டும். அக்கருவி மேலும் உயர்ந்த ஒன்றோடு ஒப்பிடப்பட வேண்டும். இச்சங்கிலி இறுதியில் நாட்டின் முதன்மை அளவுத்தரத்தைச் சென்றடைய வேண்டும். இந்தியாவில் அந்தத் தரங்களைக் காப்பது புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். 1947இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநராகப் பணியாற்றியவர், வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலறிஞர் கே. எஸ். கிருஷ்ணன்.

சங்கிலியின் உச்சியில் இருப்பது வியப்பூட்டும் அளவுக்கு எளிய ஒரு முறை: நிறை அறிந்த எடைகளைத் தொங்கவிட்டு, அவ்விடத்தின் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். அமெரிக்க அரசின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் மேரிலாந்தின் கெய்த்தர்ஸ்பர்கில் வைத்திருக்கும் இவ்வகை இயந்திரம் 4.45 மெகாநியூட்டன் வரை, அதாவது சுமார் 450 டன் வரை, இத்தகைய விசையை உருவாக்க வல்லது. அங்கே ஒப்பிட்டுத் திருத்தப்படும் லோடு செல்கள் ராக்கெட் எஞ்சின்களின் உந்துவிசையை அளக்கவும் பயன்படுகின்றன. இலாப நோக்கில் இயங்கும் எந்த நிறுவனமும் இத்தகைய அமைப்புகளில் எளிதில் முதலிடத் துணியாது; இவை அரசின் கையில் இருப்பதற்கு இதுவே காரணம்.

சங்கிலி முறையாக இருந்தாலும் எந்த அளவீடும் முழுத் துல்லியமானதன்று. எனவே தேர்ந்த ஆய்வகம் ஓர் எண்ணைத் தரும்போது, உண்மை மதிப்பு அதற்கு மேலும் கீழும் எவ்வளவு தொலைவுக்குள் இருக்கக்கூடும் என்ற அளவீட்டு ஐயப்பாட்டையும் கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஆய்வகங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ 17025 என்னும் பன்னாட்டுத் தரம் இதைக் கட்டாயமாக்குகிறது. அத்தரத்தின்படி இந்திய ஆய்வகங்களை ஆராய்ந்து அங்கீகாரம் அளிப்பது என்ஏபிஎல் என்ற வாரியம்.

அடி, அயர்ச்சி, காலம்

மெதுவாக இழுத்துப் பார்க்கும் சோதனை உலோகத்தின் ஒரு குணத்தை மட்டுமே காட்டும். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தில், வெள்ளோட்டம் முடித்து அமைதியான நீரில் கட்டப்பட்டிருந்த ஷெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் திடீரெனக் குறுக்கே பிளந்தது. அக்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய வேறு கப்பல்களிலும் இத்தகைய விரிசல்கள் தோன்றின. அவற்றின் தகடுகளை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தேசியத் தர நிர்ணய அலுவலகம், விரிசல் தொடங்கிய தகடுகள் குளிரில் அடியைத் தாங்கும் ஆற்றலை இழந்திருந்ததைக் கண்டறிந்தது. அதற்கு உதவியது சார்ப்பி சோதனை. 10 மில்லிமீட்டர் சதுர முகமும் 55 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு வெட்டு இட்டு, ஊசல்போல் ஆடி வரும் சுத்தியலால் அதை அடித்து, முறிவதற்கு எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்று பல்வேறு வெப்பநிலைகளில் அளப்பதே அம்முறை.

ஒரே முறை சுமத்தினால் தாங்கும் சுமையையே இலட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிச் சுமத்தினால் உலோகம் முறிந்துவிடுவது அயர்ச்சி எனப்படும். 19ஆம் நூற்றாண்டில் இரயில் அச்சுகள் முறிவதை ஆராய்ந்த ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதை முறைப்படி அளந்து காட்டினார். நொடிக்கு 30 முறை சுமையை ஏற்றி இறக்கும் இயந்திரத்தில் ஒரு கோடிச் சுற்றுகளை முடிக்க ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆகும். ஒரே வகைத் துண்டுகளும் ஒரே சுமையில் வெவ்வேறு ஆயுளைக் காட்டும் என்பதால், சுமைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஒரு வளைகோட்டை வரைந்து முடிக்கப் பல துண்டுகளும் பல வாரங்களும் தேவைப்படுகின்றன.

இவை அனைத்தினும் நெடியது தவழ்வுச் சோதனை. உயர் வெப்பத்தில் இருக்கும் உலோகம், சுமை கூடாமலேயே, காலம் செல்லச் செல்ல மெல்ல நீள்வதைத் தவழ்வு என்கிறார்கள். அனல்மின் நிலையக் கொதிகலன் குழாய்களும், கல்பாக்கத்து வேக ஈனுலையில் சுமார் 550 டிகிரி செல்சியஸில் பாயும் திரவ சோடியத்தைத் தாங்கும் எஃகும் இக்குணத்தை முன்னிட்டே வடிவமைக்கப்படுகின்றன. வடிவமைப்புக்கான அடிப்படை அளவுகோல்களில் ஒன்று 1,00,000 மணி நேரம், அதாவது சுமார் 11 ஆண்டுகள், என்பதால் குறுகிய காலச் சோதனைகளிலிருந்து கணிப்பது ஓரளவுக்குத்தான் பயன்படும். ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் நிறுவனம் நடத்திய ஒரு தவழ்வுச் சோதனை, அதற்குமுன் உலகில் மிக நீண்டதாக இருந்த 3,56,463 மணி நேரத்தை 2011இல் கடந்தது. அது 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம். பணியில் சேர்ந்தவர் தொடங்கிய சோதனையை அவர் ஓய்வுபெற்ற பின் வேறொருவர் முடித்துவைக்கும் இத்தகைய ஏற்பாடு, தனிமனிதரின் பணிக்காலத்தையும் சந்தையின் அவசரத்தையும் தாண்டி நிலைக்கும் நிறுவனங்களிலேயே நடக்கக்கூடியது.

காமெட் தந்த பாடம்

அரசு ஆய்வகம் ஒன்றின் சோதனை ஒரு துறையின் போக்கையே மாற்றியதற்குச் சிறந்த சான்று, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட்டின் வரலாறு. 1954 ஜனவரி 10ஆம் நாள் எல்பா தீவருகே ஒரு காமெட் வானில் சிதறி 35 பேர் இறந்தனர். ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று வீழ்ந்து 21 பேர் இறந்தனர். காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு, பிரிட்டிஷ் அரசின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வகத்துக்கும் அதன் இயக்குநர் ஆர்னால்ட் ஹாலுக்கும் அளிக்கப்பட்டது.

அவர்கள் ஒரு முழு விமானத்தின் உடற்பகுதியை, இறக்கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, பெரிய நீர்த்தொட்டிக்குள் அடைத்து, பறக்கும்போது உள்ளே ஏறியிறங்கும் அழுத்தத்தை நீரைக் கொண்டே மீண்டும் மீண்டும் உண்டாக்கினர். காற்றை அடைத்திருந்தால், விரிசல் கண்ட கணத்தில் அது குண்டுபோல் வெடித்து, எங்கே முறிவு தொடங்கியது என்ற தடயத்தையே அழித்திருக்கும். நீர் எளிதில் அமுங்காதது என்பதால் அதில் தேங்கும் ஆற்றல் சிறிது, முறிந்த இடமும் அப்படியே கிடைக்கும். ஏற்கெனவே 1,221 முறை பறந்திருந்த அவ்விமானம், தொட்டியில் மேலும் 1,836 சுற்றுகளைக் கடந்த நிலையில், மொத்தம் 3,057ஆம் சுற்றில், ஒரு சன்னல் திறப்பின் மூலையிலிருந்து பிளந்தது.

ஆனால் விமானத்தை உருவாக்கிய டி ஹாவிலண்ட் நிறுவனம் இதற்குமுன் சோதித்த உடற்பகுதித் துண்டு ஏறத்தாழ 18,000 சுற்றுகளைத் தாங்கியிருந்தது. அந்தச் சோதனையில் பொய் எதுவும் இல்லை. அத்துண்டு அயர்ச்சிச் சோதனைக்கு முன்பே, வேறொரு சோதனைக்காக இயல்பினும் மிக உயர்ந்த அழுத்தத்துக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அந்த மிகைச்சுமை சன்னல் மூலைகளில் உலோகத்தைச் சிறிது நெகிழச் செய்து, சுமை நீங்கியபின் அங்கே ஓர் அமுக்கத் தகைவை எஞ்சவிட்டது. அதன் பயனாக விரிசல் தோன்றுவது தாமதமாயிற்று. பயணிகளை ஏற்றிச்சென்ற விமானங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. இதனால் சோதனைத் துண்டு கடந்துவந்த வரலாறும் சோதனையின் ஒரு பகுதியே என்பது பொறியியல் உலகுக்கு மறுக்க முடியாதபடி புலப்பட்டது.

நாளாந்தப் பணி

இவ்வகைப் பெரும் ஆய்வுகள் அரிதானவை. அன்றாடம் நடப்பவை பொறுமையைக் கோரும் வேலைகள். வந்த மாதிரிக்கு அனுப்பியவர் பெயர் தெரியாதபடி குறியீட்டெண் இடுவது, பிடிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, திரிபை, அதாவது நீளத்தில் ஏற்படும் விகித மாற்றத்தை, அளக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் பட்டைகளை மேற்பரப்பைத் தேய்த்துத் துடைத்து ஒட்டுவது, அறையின் வெப்பநிலையைக் குறித்துவைப்பது போன்றவற்றில் பெரும்பொழுது கழிகிறது. வழக்கத்துக்கு மாறான வடிவமுள்ள உறுப்பாக இருந்தால், அதைப் பற்றிப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரை வடிவமைத்துக் கடைந்தெடுப்பதற்கு, சோதனைக்கு ஆவதைவிடப் பன்மடங்கு காலம் பிடிக்கும்.

மாதிரியின் அளவும் பெரிதும் வேறுபடும். கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தின் கோபுரச் சோதனை நிலையத்தில், உயர் அழுத்த மின்பாதைக் கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி, காற்றும் மின்கம்பிகளும் தரும் சுமைக்கு ஈடாக எஃகு வடங்களால் பல திசைகளில் இழுத்துப் பார்க்கிறார்கள். வடிவமைப்புச் சுமையின் 50, 75, 90, 95, 100 விழுக்காடு என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்திக் கவனிப்பது இத்தகைய சோதனைகளில் வழக்கம். கோபுரமாயினும் கம்பியாயினும், முறியும்போது தேங்கிய ஆற்றல் கணப்பொழுதில் விடுபடும் என்பதால், தடுப்புகளும் விலகியிருக்க வேண்டிய தொலைவும் திட்டத்திலேயே இடம்பெறுகின்றன.

இப்பணிக்குப் பட்டயப்படிப்பு முடித்தவர்கள் தொழில்நுட்ப உதவியாளராகவும், பொறியியல் பட்டம் பெற்றவர்கள் தொழில்நுட்ப அலுவலராகவோ அறிவியலாளராகவோ சேர்கிறார்கள். தேசியச் சோதனை நிலையத்தின் அறிவியலாளர்களை மத்தியப் பணியாளர் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் அவர்கள் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது, எதிர்பாராத எண் வந்தால் அது உலோகத்தின் குணமா இயந்திரத்தின் குறையா என்று பிரித்தறியும் பழக்கமே. எதிர்பார்த்த எண் வந்தாலும் அதே கேள்வியைக் கேட்பவரே தேர்ந்தவர்.

சோதனை அறிக்கைகளில், இம்முடிவுகள் சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்ற வாசகம் அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் தட்டிக்கழிக்கும் வாசகமாகக் கருதுவர். உண்மையில் அறிக்கையின் மிக நேர்மையான வரி அதுவே: ஆய்வகம் பொறுப்பேற்பது தன் கைக்கு வந்த துண்டுக்கு மட்டுமே; லாரியில் வந்திறங்கிய மற்றக் கம்பிகளும் அதே தரத்தவை என்பதற்கு, அந்தத் துண்டை யார், எந்த அடுக்கிலிருந்து, எவ்வாறு எடுத்தார்கள் என்பதே ஆதாரம். தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்பட்ட நல்ல துண்டு ஒன்றைச் சிறந்த இயந்திரத்தில் சோதித்தாலும் கட்டடம் பாதுகாப்பாகிவிடாது. ஆகவே சோதனைச் சான்றிதழைக் கையில் வாங்கும் ஒப்பந்ததாரரோ வீட்டு உரிமையாளரோ அதிலுள்ள எண்ணைப் படிப்பதற்கு முன், மாதிரியை எடுத்தவர் யார் என்று கேட்பதே முறை.